கண்ணாடித் தட்டில் பதினான்கு நாள்

தாராவி
4 ஜூலை 1965, ஞாயிறு இரவு

‘அரபிக்கரை’ மாலைப் பத்திரிகையில் ‘மருத்துவ உலகம்’ எழுதும் டாக்டர் அறிவன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்கள் ஆபீஸ் பியூனுக்குக்கூட வேண்டாம். வாசகர் கடிதம் என்று போட்டும் விடாதீர்கள். பெயரை எடுத்துவிட்டுப் போட்டாலும் எங்கள் சந்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் கோலியைக் காலி செய்யச் சொல்வார்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

என் பெயர் செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா அய்யாத்துரை, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா பேராச்சி. அம்மாவுக்குக் காசநோய். இந்த வார்த்தையை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. சந்தில் எல்லோரிடமும் ‘ரத்தம் கம்மி, அதுக்கு ஊசி’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். முனிசிபல் தவாகானாவில் டாக்டர் தொண்ணூறு ஊசி போட வேண்டும் என்றார். நாற்பத்தொன்று போட்டாயிற்று. இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. அப்புறம் உங்கள் பத்திரிகை வந்தது.

எங்கள் சந்தில் தமிழ் சரளமாக வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். பெரியவர்கள் பலருக்கு எழுத்தே தெரியாது. பையன்கள் இந்திப் பள்ளிக்கூடம். அதனால் சாயங்காலம் அப்பா ‘அரபிக்கரை’ வாங்கி வந்ததும் குழாயடி விளக்கின் கீழே, கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் என்னை உட்கார வைப்பார்கள். நான் வாசிப்பேன். இருபது பேராவது கேட்பார்கள். ஜூன் பதினாலாம் தேதி நான் வாசித்தது இது:

‘காசநோய்க்கு இனி ஊசி வேண்டாம்! பூண்டுச்சாறு பதினான்கே நாளில் கிருமிகளை ஒழித்தது! வெளிநாட்டு டாக்டரின் அதிசயக் கண்டுபிடிப்பு!’

மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள். மூன்றையும் குரலில் காட்டி வாசித்தேன். ‘இன்னொருக்கா வாசி புள்ள’ என்றார்கள். இன்னொரு முறையும் வாசித்தேன். குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அம்மா அதை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் ஊசிக்குப் போகவில்லை. இதுவரை போகவில்லை. ஊசி போட்டால் தலை சுற்றுகிறது, காதுக்குள் வண்டு இரைகிறது என்று முன்பே அழுவாள். உங்களால் அவளுக்கு விடுதலை கிடைத்தது. இப்போது மறுபடி இருமுகிறாள்.

எனக்கு மூன்று பதில் வேண்டும். பூண்டுச்சாறு குடித்து எத்தனை பேர் பிழைத்தார்கள்? குடிக்காதவர்கள் எத்தனை பேரை அவர்களோடு வைத்துப் பார்த்தார்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தார்கள்?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கீழே பள்ளிக்கூட விலாசம் தந்திருக்கிறேன். சவரியம்மாள் டீச்சர் மேற்பார்வை என்று எழுதுங்கள். கட்டுரைப் போட்டி விஷயம் என்று டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பிரிக்க மாட்டார்.

செண்பகவல்லி


‘அரபிக்கரை’ காரியாலயம், மாதுங்கா, பம்பாய்
8 ஜூலை 1965

செல்வி செண்பகவல்லிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. நீ கேட்டபடி யாருக்கும் காட்டவில்லை. டாக்டர் அறிவன் வெளியூர் சென்றிருப்பதால் துணையாசிரியர் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

அந்தச் செய்தி ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் தந்தியை ஆதாரமாகக் கொண்டது. நாமாகக் கற்பனை செய்தது அதில் எதுவுமில்லை. எத்தனை நோயாளிகள் என்ற விவரம் தந்தியில் இல்லை. அவ்வளவு நுணுக்கம் சாதாரண வாசகர்களுக்குத் தேவையில்லை என்பது எங்கள் பதினெட்டு வருஷ அனுபவம். அந்தச் செய்திக்கு நூற்றுக்கு மேல் பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. செம்பூர் வாசகர் ஒருவர் பூண்டுச்சாற்றால் தமது முழங்கால் வலியே போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்.

ஊசியை நிறுத்தும்படி நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. செய்தி தருவது பத்திரிகையின் வேலை, வைத்தியம் டாக்டரின் வேலை. உன் தாயாரை உடனே தவாகானாவுக்கு அழைத்துப் போகச் சொல்.

பெரியவர்களிடம் கேள்வி கேட்கும்போது பாஷையில் கொஞ்சம் நிதானம் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
வேங்கடசுப்ரமணியன்


தாராவி
12 ஜூலை 1965

துணையாசிரியர் ஐயா,

ஊசியை நிறுத்தச் சொல்லவில்லையா? ‘இனி ஊசி வேண்டாம்’ என்பதற்கு உங்கள் மாதுங்கா பக்கத்தில் என்ன அர்த்தம்? எங்கள் தாராவியில் ஊசி வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

முழங்கால் வலிக்காரரைப் பற்றி நான் கேட்கவில்லை.

அந்தப் பேப்பரை எடுத்து மறுபடி வாசித்தேன். அன்றைக்குப் பெரிய எழுத்தையும் அதன் கீழே நாலு வரியையும்தான் வாசித்தேன். அதற்குள் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் பாராவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட கிருமிகள் மீது சாறு விடப்பட்டு, பதினான்கு நாட்கள் வைக்கப்பட்டது.’ அம்மாவுக்கு என்று சொல்லாமல் சவரியம்மாள் டீச்சரிடம் கேட்டேன். அது சோதனைச்சாலையில் கிருமியை மட்டும் வளர்க்கிற தட்டு என்றார். அப்படியானால் அங்கே நோயாளியே கிடையாது. நுரையீரல் கிடையாது, வயிறு கிடையாது. தட்டில் இருக்கிற கிருமி மேல் மண்ணெண்ணெய் ஊற்றினாலும்தான் சாகும். அதற்காக ‘காசநோய்க்கு மண்ணெண்ணெய்!’ என்று போடுவீர்களா? போட்டால் நானும் பீப்பாய் மேல் உட்கார்ந்து அதை வாசித்திருப்பேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் பாராவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்பா எழுந்து வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தார். பழைய சாமான் விற்கிறவனிடம் வாங்கியது, ஓரத்தில் பூப் போட்டது.

“இதத்தான் நாம விட்டுட்டோம் புள்ள. டம்ளர்ல குடுத்தா எப்படிக் கேக்கும்? தட்டுன்னு தெளிவாப் போட்டிருக்கான்லா.”

“அப்பா, அது மருந்து வைக்கிற தட்டு இல்ல. அதுக்குள்ள ஆளே கிடையாது.”

“ஏட்டி, மூலிகைக் கஷாயத்தச் செம்புல வச்சா ஒரு குணம், மண்சட்டியில வச்சா ஒரு குணம். ஊர்ல வைத்தியர் பாத்திரம் சொல்லாம மருந்து சொல்லுவாரா? இவன் கண்ணாடின்னு சொல்லுதான். பதினாலு நாளுன்னு கணக்கும் சொல்லுதான். இதுக்கு மேல என்ன வேணும்?”

இப்போது எங்கள் சந்தில் ஏழு வீட்டில் கண்ணாடித் தட்டு இருக்கிறது. சளி, இருமல், வயிற்றுப் பொருமல் எல்லாவற்றுக்கும் தட்டில் பூண்டுச்சாறு. சிலர் பதினான்கு நாள் கழித்துத்தான் குடிப்பது என்று தட்டிலேயே வைத்திருக்கிறார்கள், இப்போதே பூஞ்சை பிடிக்கிறது. எதிர் வீட்டு இசக்கி அண்ணன் சாற்றைக் குடித்துவிட்டுத் தட்டையும் நக்குகிறார். “விஞ்ஞானத்தில மிச்சம் வைக்கக் கூடாது” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஷாப்பிலிருந்து வந்து, சுண்ணாம்பு தின்ற விரல்களோடு உட்கார்ந்து தினமும் பூண்டு உரிக்கிறார். எரிகிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் உரிக்க உரிக்க எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தவாகானாவுக்குப் போனேன். ஊசி போடுகிற சிஸ்டர் சொன்னார்: “நடுவுல விட்டா கிருமிக்கு மருந்து பழகிடும். அப்புறம் அதே ஊசியப் போட்டாலும் சாகாது. இன்னைக்கே கூட்டிட்டு வா.” அம்மாவிடம் சொன்னால், “அவுங்க அப்படித்தான் சொல்லுவாங்க, ஊசி செலவாகணும்லா” என்கிறாள். ‘ஊசிக் கம்பெனிகள் கலக்கம்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, மூன்றாம் பாராவை அப்பாவுக்கு வாசித்தபோது அதையும் நான்தான் வாசித்தேன்.

டாக்டர் அறிவன் ஊருக்கு வந்துவிட்டாரா?

செண்பகவல்லி


மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள் அருகில்
17 ஜூலை 1965

செண்பகவல்லிக்கு,

இதை ஆபீஸ் காகிதத்தில் எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டாக்டர் அறிவன் ஊருக்கு வரமாட்டார். அப்படி ஒருவர் இல்லை. பெயர் முதலாளி வைத்தது. எழுதுவது நான். பொருளாதாரத்தில் பி.ஏ. படித்தவன். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்பது மட்டும்தான்.

உன் இரண்டாம் கடிதம் வந்த அன்று கோபமாகத்தான் இருந்தது. ஒரு சிறு பெண் மண்ணெண்ணெயை வைத்து என்னைக் கேலி செய்கிறாளே என்று இருந்தது. இருந்தாலும் பழைய தந்திகளைக் கோத்து வைக்கும் கம்பியில் தேடினேன். கிடைத்தது. அதில் ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்:

‘பூண்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், செறிவான நிலையில், சோதனைத் தட்டில் பதினான்கு நாட்கள் காசக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாகத் தெரிகிறது. இது விலங்குகளிடமோ மனிதர்களிடமோ சோதிக்கப்படவில்லை. அந்த அளவு உடலுக்குள் சென்றால் உடல் தாங்குமா என்பதும் தெரியாது. நோயாளிகள் தற்போதைய சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று ஆய்வாளர் எச்சரித்தார்.’

‘தடுக்கிறது’ என்பதை ‘ஒழித்தது’ என்று ஆக்கியது நான். பிரித்தெடுத்த பொருளைச் சாறு என்று ஆக்கியதும் நான்தான். கடைசி மூன்று வாக்கியங்கள் அச்சில் ஏன் வரவில்லை என்று கேட்பாய். கூந்தல் தைல விளம்பரம் ஒன்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. ஆறு வரி குறைக்க வேண்டியிருந்தது. கீழிருந்து குறைப்பதுதான் வழக்கம். அதற்குப் பிறகும் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. அதில்தான் ஊசிக் கம்பெனிகள் கலங்கின.

உன் மூன்று கேள்விகளுக்கும் பதில்: யாரும் இல்லை, யாரும் இல்லை, தெரியாது.

முதலாளியிடம் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார். “அன்னிக்கு நானூறு காப்பி கூடப் போச்சு ஓய். இப்ப ஒரு லேகியக்காரர் பூண்டு லேகியத்துக்கு ஆறு மாச விளம்பரம் தரேங்கறார். நீர் திருத்தம்ங்கறீர்” என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய்.

உன் தகப்பனாரை நேரில் பார்த்து நானே விளக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விலாசம் எழுது.

வேங்கடசுப்ரமணியன்


தாராவி
21 ஜூலை 1965

ஐயா,

வராதீர்கள். தயவுசெய்து வராதீர்கள். சலவை வேட்டியோடு ஒருவர் எங்கள் சந்துக்குள் வந்து அய்யாத்துரை வீடு எது என்று கேட்டால், அவர் திரும்பிப் போவதற்குள் நூறு பேருக்கு விஷயம் தெரிந்துவிடும். போன வருஷம் இதே சீக்கு என்று ஒரு குடும்பத்தைத் துரத்தினார்கள். அவர்கள் பாத்திரத்தைக்கூட யாரும் தொடவில்லை, காலால் தள்ளினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அம்மாவும் ஒருத்தி. வாயைத் திறக்காமல் நின்றாள்.

கூந்தல் தைலம். நான் தலைக்கு அந்தத் தைலம்தான் தேய்க்கிறேன். இனிமேல் தேய்க்க மாட்டேன்.

நேற்றிரவு அம்மா இருமியபோது முந்தானையில் ரத்தம். ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. கருக்கலில் எழுந்து யாருக்கும் தெரியாமல் அலசினாள். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

நான் ஒரு பொய் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தியில் இருந்ததை மனப்பாடம் செய்து, முந்தாநாள் பீப்பாய் மேல் உட்கார்ந்து, அன்றைய பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அச்சில் இருப்பது போலவே வாசித்தேன். ‘பூண்டுச்சாறு பயன்படாது, டாக்டர்கள் எச்சரிக்கை’ என்று. எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அப்பா முகம்கூட மாறியது. அப்போது இசக்கி அண்ணன் எழுந்து வந்து பேப்பரைப் பிடுங்கினார். அவர் சினிமா போஸ்டர் பார்த்து எழுத்துக் கற்றவர். பெரிய எழுத்து மட்டும்தான் வரும். விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

“மழை... நீ... ரில்... பஸ்... அரே, என்ன டீச்சரம்மா? இதுல பூண்டு எங்க இருக்கு? மழைத்தண்ணியில பஸ் நின்னுபோச்சுன்னுல்லா இருக்கு!”

“கீழ சின்ன எழுத்துல இருக்கு அண்ணே.”

“சின்ன எழுத்துல இருக்கிறத நீ எதுக்குப் பெரிய எழுத்து மாதிரிக் கத்துன? மனுசன் வயித்துல புளியக் கரைக்கதுக்கா?”

அப்பா எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அடியைவிட அதற்கப்புறம் யாரோ ஒரு பெரியவர் சொன்னதுதான் வலித்தது. “இத்தன வருசம் இவ வாசிச்சதுல எம்புட்டு நெசமோ?”

இனிமேல் நான் எதை வாசித்தாலும் நம்பமாட்டார்கள். உங்கள் பொய்யை நம்பினார்கள், என் பொய்யைப் பிடித்துவிட்டார்கள். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பக்கத்தில் மூலையில் வருத்தம் தெரிவித்தால் எங்களுக்கு உபயோகமில்லை. முதல் பக்கத்தில் போடுங்கள். அதே இடத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில். நான் வாசிக்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குப் பெரிய எழுத்தில். முடியாது என்றால் பதில் எழுத வேண்டாம்.

செண்பகவல்லி


மாதுங்கா
27 ஜூலை 1965

செண்பகவல்லிக்கு,

ஆறு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் தைரியம் இல்லாததுதான். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது உனக்குத் தேவையில்லாத விஷயம். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

முதலாளி புதன் மாலை பூனா போகிறார், வெள்ளிதான் வருவார். வியாழக்கிழமைப் பதிப்பின் முதல் பக்கம் என் பொறுப்பு.

அச்சுக்கோக்கும் ஏசுதாஸிடம் மட்டும் சொன்னேன். எங்களிடம் உள்ளவற்றில் பெரியது, போஸ்டர் அடிக்கும் மர எழுத்து. “சார், அதுல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு மூணுதான் கிடக்கு. நீங்க நீட்டி முழக்குனா பத்தாது” என்றான். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு தலைப்பைக் குறைத்துக் குறைத்து எழுதினேன். இப்படி வரும்:

பூண்டு போதாது.
ஊசி போடு.

அதன் கீழே தந்தி முழுவதும், ஒரு வாக்கியமும் விடாமல். அதற்கும் கீழே, ‘ஜூன் 14 அன்று வெளியான செய்தி தவறு. அதை எழுதியவர் டாக்டர் அல்ல’ என்று என் பெயரோடு. ஆச்சரியக்குறி கிடையாது.

அன்று விளம்பரம் எது வந்தாலும் கீழிருந்து எதுவும் குறையாது. வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ அதைப் பற்றி எழுத வேண்டாம்.

உன் அம்மா இருக்கிற நிலைக்கு இது தாமதமாக வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

வேங்கடசுப்ரமணியன்


தாராவி
29 ஜூலை 1965, வியாழன் இரவு

ஐயா,

நன்றி என்று எழுத வரவில்லை. எழுதி எழுதி அடித்துவிட்டேன். நாற்பத்தைந்து நாள் போய்விட்டது. அதைக் கொடுத்தால் நன்றி எழுதுவேன்.

இன்று அப்பா பேப்பரை மடித்தபடியே கொண்டுவந்து நேராக இசக்கி அண்ணன் கையில் கொடுத்தார். என்னைப் பீப்பாய் பக்கமே விடவில்லை. நான் கோலி வாசலில் நின்றேன். இசக்கி அண்ணன் பிரித்தார். விரல் வைக்கவே தேவை இருக்கவில்லை, அவ்வளவு பெரிய எழுத்து. ஆனாலும் வைத்தார். ‘பூண்டு’ என்று உரக்கச் சொன்னார், யாரோ கைதட்டினார்கள். அடுத்த வார்த்தைக்கு வெகு நேரம் ஆனது. நான்கு வார்த்தையையும் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் குரலே இல்லை.

அப்புறம் ஒரே கூச்சல்.

“போன மாசம் ஒண்ணு சொன்னான், இந்த மாசம் ஒண்ணு சொல்லுதான். பேப்பர்காரனுக்கு வாய் ஒண்ணா ரெண்டா?”

“எங்க வீட்டுத் தட்ட அவன் தலையிலதான் உடைக்கணும்.”

“அதான் அந்தப் புள்ள அன்னைக்கே சொல்லிச்சே” என்றது ஒரு பெண் குரல். யார் என்று தெரியவில்லை.

அப்பா குழாயில் கையை நீட்டிக்கொண்டே நின்றார். நாற்பத்தைந்து நாள் பூண்டு உரித்த விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் பக்கத்தில் போனேன், அடிக்கவில்லை.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை, அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே வந்து நின்று சொன்னாள்:

“ரத்தம் கம்மியின்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கு அந்தச் சீக்குதான். நாளைக்கு நான் ஊசிக்குப் போறேன். ஒளிஞ்சி ஒளிஞ்சி இல்ல, இந்தச் சந்து வழியாவே போறேன். கோலியக் காலி பண்ணணும்னா ஊசி போட்டுட்டு வந்த பிறகு சொல்லுங்க. அதுவரைக்கும் எவனும் வாசல் பக்கம் வரப்படாது.”

எங்கள் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் இருமல் வந்துவிட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு விலகினார்கள். ஒருத்தி நிரம்பிய குடத்தைக் கவிழ்த்தே விட்டாள்.

இப்போது எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது. டீக்கடையில் ஆண்கள் கூடி எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இங்கே கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. அப்பா கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கிறார், கையில் தோல் சுரண்டுகிற கத்தி. சிம்னி விளக்கைப் பெட்டிக்குப் பின்னால் வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் கூடுதலாக இருக்கிறது. அம்மாவுக்கு இனி அதே ஊசி கேட்குமா, கிருமிக்குப் பழகிவிட்டதா என்று இனிமேல்தான் தெரியும். சிஸ்டர் சளி எடுத்துப் பார்த்துச் சொல்வார். அதுவும் கண்ணாடியில் வைத்துத்தான் பார்ப்பார்களாம். அங்கே தெரிவதை அங்கே தெரிந்தது என்று மட்டும் சொல்வார்கள், உங்களைப் போல

யாரோ வருகிறார்கள். கூட்டம் இல்லை, ஒரு ஆள்தான். அப்பா எழுந்துவிட்டார். கதவைத் தட்டுகிறார்கள். அடித்துத் தட்டவில்லை, விரல் நுனியால் தட்டுகிறார்கள். இசக்கி அண்ணன் குரல். பேச முடியாமல் இருமுகிறார்.

“அண்ணாச்சி, கதவத் திறக்க வேண்டாம். அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்தத் தவாகானாவில பேரு எழுதிக்குவாங்களா? இல்ல, பேரு சொல்லாமலே எனக்கும் ஊசி போடுவாங்களா?”